தேடுபொறியில் தரமற்றவை முந்துவது ஏன்?

ஆனி மாதம் பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயின் வழியாக வீசத் தொடங்கியதும் குற்றாலத்தில் சாரல் விழும். சிற்றாற்றில் நீர் பெருகும். பேரருவியும் ஐந்தருவியும் கொட்டத் தொடங்கும். 'சீசன் ஆரம்பித்துவிட்டதா? தண்ணீர் எப்படி?' என்று முன்பெல்லாம் வெளியூர்க்காரர்கள் தென்காசியிலுள்ள உறவினருக்குக் கார்டு எழுதிக் கேட்பார்கள். இன்று அந்தக் கேள்வி தேடுபொறிக்குப் போகிறது.

நீங்களும் கேட்டுப் பாருங்கள். 'குற்றாலத்தில் தங்கச் சிறந்த 10 விடுதிகள்' என்பது போன்ற தலைப்புகள் பட்டியலின் மேலே நிற்பதைக் காணலாம். அவற்றுள் ஒன்றைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் எப்படிப் போவது, எந்த மாதம் எதில் தண்ணீர் இருக்கும் என்பன பெரும்பாலும் அதில் இரா. எழுதியவர் அருவியில் தலை நனைத்தவர்தாமா என்ற ஐயம்கூட எழும். ஆனால் ஒவ்வொரு விடுதியின் பெயருக்குக் கீழும் 'இங்கே பதிவு செய்க' என்ற பொத்தான் தவறாமல் இருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்புடன் எழுதிய பக்கமோ யார் கண்ணிலும் படாமல் மூன்றாவது நான்காவது திரையில் கிடக்கும்.

குற்றாலம் ஓர் எடுத்துக்காட்டுதான். நீர்மூழ்கி மோட்டார், தண்ணீர் சுத்திகரிப்பான், மடிக்கணிப்பொறி என்று எதைத் தேடினாலும் இந்த அனுபவம் நேரக்கூடும். கணிதத்தின் வலிமையால் வளர்ந்த ஒரு பொறி, தரம் குறைந்ததை ஏன் முன்னே நிறுத்துகிறது? விடை காண ஏறத்தாழ 150 ஆண்டு வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கமிஷன் பக்கம் என்பது யாது?

சீசன் நாட்களில் தென்காசி ரயில் நிலையத்தில் பையும் குழந்தையுமாக இறங்குகிறவரிடம், 'ரூம் வேணுமா சார்?' என்று யாரேனும் கேட்பதுண்டு. அவர் காட்டும் விடுதி நல்லதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவருக்குக் கமிஷன் தராத விடுதியை அவர் காட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

இணையத்திலும் இதே தொழில் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு 'அஃபிலியேட்' என்று பெயர். ஒருவர் தம் பக்கத்தில் ஒரு பொருளைப் பாராட்டி எழுதி, அதை விற்கும் கடைக்கு ஓர் இணைப்புத் தருகிறார். அந்த இணைப்பினுள் அவருக்குரிய அடையாளக் குறியீடு ஒன்று மறைந்திருக்கும். நீங்கள் அதைத் தொட்டுக் கடைக்குள் சென்று பொருளை வாங்கினால், 'இவர் அனுப்பிய ஆள்' என்று கடை கணக்கில் எழுதிக்கொண்டு அவருக்கு ஒரு பங்கு தருகிறது. அமேசான் நிறுவனம் 1996-ஆம் ஆண்டில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கிய பின் இம்முறை உலகெங்கும் பரவியது.

கமிஷன் பெறுவது குற்றமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொருளைச் சொந்தப் பணத்தில் வாங்கி, மாதக்கணக்கில் பயன்படுத்தி, குறையையும் நிறையையும் எழுதி, அந்த உழைப்புக்குக் கூலியாகக் கமிஷன் பெறுவோரும் இருக்கிறார்கள். பொருளைத் தொட்டும் பாராமல், பிறர் எழுதியதைத் திருப்பி எழுதிவிட்டு அதே கமிஷனைப் பெறுவோரும் இருக்கிறார்கள். நம் கேள்வி இந்த இரண்டாம் வகையினர் முந்துவதைப் பற்றியது.

நூலகரின் அலமாரி

வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிக்கும் கலையில் தமிழ்நாட்டுக்கு ஒரு சிறப்பான இடம் உண்டு. சீர்காழியில் 1892-இல் பிறந்த சி.இரா.அரங்கநாதன் கணித ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றியவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். 1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். 1933-இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். படிப்பவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அந்த ஐந்து விதிகளுள் ஒன்று. இன்றைய தேடுபொறிகள் அனைத்தும் சொல்லிக்கொள்ளும் குறிக்கோளும் அதுவே அல்லவா?

அரங்கநாதனின் முறையில், ஒரு நூலைப் பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து, இதன் பொருள் இது என்று முடிவு செய்து, அதற்குரிய எண்ணை இடுகிறார். நூலகர் எந்த நூலை எடுத்து நீட்டினாலும் அவருடைய சம்பளம் மாறாது. அதனால் ஒரு நூலைத் தள்ளி இன்னொன்றை முன்னே வைக்க அவருக்கு ஆசை எழக் காரணமில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதுவே நமக்குத் திறவுகோலாகும்.

மேற்கோள்களை எண்ணிய கதை

நூல்களும் ஆய்வுரைகளும் பல்லாயிரமாகப் பெருகியபோது வேறொரு வழி தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1873-ஆம் ஆண்டிலேயே ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர், எந்த நீதிமன்றத் தீர்ப்பைப் பின்னாளில் எந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது என்று பட்டியலிடத் தொடங்கினார். இதனை முன்மாதிரியாகக் கொண்டு யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் ஒரு யோசனையை வெளியிட்டார்: ஓர் ஆய்வுரையை வேறு எந்தெந்த ஆய்வுரைகள் மேற்கோளாகக் காட்டின என்று தொகுத்தால் என்ன? 1964-இல் அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது.

ஓர் ஆய்வுரையை நூறு பேர் மேற்கோள் காட்டினால் அது முக்கியமானதாக இருக்கக்கூடும் என்பது இதன் அடிப்படை. 1976-இல் பின்ஸ்கி, நாரின் என்ற இருவர் இதை மேலும் செம்மையாக்கினர். எல்லா மேற்கோளும் ஒரே மதிப்புடையன அல்ல. மதிப்புள்ள இதழ் ஒன்று காட்டும் மேற்கோளுக்கு எடை அதிகம் என்றனர். அப்படியானால் அந்த இதழின் மதிப்பு எங்கிருந்து வந்தது? அதை மேற்கோள் காட்டும் பிற இதழ்களிடமிருந்து! வட்டமாகச் சுற்றுவது போல் தோன்றும் இக்கணக்கைச் சமன்பாடுகளின் தொகுதியாக எழுதித் தீர்த்துவிடலாம்.

சொற்களை எண்ணிய காலம்

கணிப்பொறி வலைப்பின்னலில் கோப்புகளைத் தேட 'ஆர்ச்சி' என்ற கருவியை 1990-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கினார். 1994-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் யாஹூ பட்டியலைத் தொடங்கினர். அது ஏறக்குறைய நூலகரின் முறையே. மனிதர்கள் தளங்களைப் பார்த்துத் தலைப்புவாரியாக அடுக்கினார்கள். ஆனால் இணையம் வளர்ந்த வேகத்துக்கு மனிதக் கைகள் ஈடுகொடுக்க இயலவில்லை. 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா பொறி, பக்கங்களைத் தானே படித்து, அவற்றிலுள்ள சொற்களைக் கொண்டு தேடிக் கொடுத்தது.

சொற்களின் எண்ணிக்கை கணக்கில் சேருகிறது என்று தெரிந்த மாத்திரத்தில் தந்திரம் பிறந்தது. ஒரு சொல்லை நூறு முறை திரும்பத் திரும்ப எழுதினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதினார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாத அது, பொறியின் கண்ணுக்குத் தெரிந்தது. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை நம்பினால் இப்படித்தான் ஆகும். பிறர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதே வழி என்று அறிஞர்கள் கருதினர். இங்கேதான் கார்ஃபீல்டின் பழைய யோசனை புது உருவில் திரும்பி வந்தது.

அருவிக்கு அருவி நடப்பவர்

ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகியோர் 1998-இல் கூகுள் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டனர். அப்போது அவர்களுடைய பொறியில் இருந்த பக்கங்கள் சுமார் 2 கோடியே 40 லட்சம். அவர்களுடைய தரவரிசை முறையைப் பற்றிய அறிக்கையை எழுதியவர்களுள் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற ராஜீவ் மோத்வானியும் ஒருவர்.

அம்முறையைக் குற்றாலத்து எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். மூன்று அருவிகள்; 1,000 பேர். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் இடம் மாறுகிறார்கள். பேரருவியில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஐந்தருவிக்கும் பாதிப் பேர் பழைய குற்றாலத்துக்கும் செல்கிறார்கள். ஐந்தருவியில் இருப்பவர்கள் அனைவரும் பழைய குற்றாலம் செல்கிறார்கள். பழைய குற்றாலத்தில் இருப்பவர்கள் அனைவரும் பேரருவிக்குத் திரும்புகிறார்கள். தொடக்கத்தில் 1,000 பேரும் பேரருவியில் நின்றாலும் சரி, எங்கே நின்றாலும் சரி, நேரம் செல்லச் செல்ல ஒரு சமநிலை ஏற்படும்: பேரருவியில் 400, ஐந்தருவியில் 200, பழைய குற்றாலத்தில் 400. சரிபார்த்துப் பாருங்கள். 400-இல் பாதியான 200 ஐந்தருவிக்கு வருகிறது. அந்தப் பாதி 200-உம் ஐந்தருவியின் 200-உம் சேர்ந்து 400 பழைய குற்றாலத்துக்கு வருகிறது. அங்கிருந்த 400 பேரருவிக்கு வருகிறது. கணக்கு மாறுவதே இல்லை.

அருவிகளுக்குப் பதிலாகப் பக்கங்கள், பாதைகளுக்குப் பதிலாக இணைப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமநிலையில் ஒரு பக்கத்தில் எத்தனை பேர் நிற்பார்களோ, அதுவே அப்பக்கத்தின் மதிப்பு. இணையத்தில் அலைபவர் சில வேளை சலித்துப்போய், எந்த இணைப்பையும் தொடராமல் ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவுவார் அல்லவா? அதற்கும் இடம் வைத்தார்கள். 100-க்கு 85 முறை இணைப்பைத் தொடர்வார். 15 முறை தாவுவார். எனவே எவ்வளவு அற்பமான பக்கமாயினும் 0.15 என்ற அடிப்படை மதிப்பு அதற்கு உண்டு.

வாய்பாட்டில் ஓர் ஓட்டை

இந்த 0.15-ஐக் கொண்டே ஒரு சூழ்ச்சி செய்யலாம். அந்த முதல் வாய்பாட்டின்படியே கணக்கிட்டுப் பார்ப்போம்.

நேர்மையான ஒரு பக்கத்துக்கு 20 பேர் இணைப்புத் தந்திருக்கிறார்கள். அவர்களுடைய பக்கங்களின் மதிப்பு தலா 1; ஒவ்வொன்றும் 10 பக்கங்களுக்கு இணைப்புத் தருகிறது. அப்படியானால் நம் பக்கத்தின் மதிப்பு: 0.15 + (0.85 × 20 × 1/10) = 1.85.

இன்னொருவர் ஒன்றுக்கும் உதவாத 1,000 வெற்றுப் பக்கங்களை உண்டாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் தம் பக்கத்துக்கு மட்டும் ஓர் இணைப்புத் தருகிறார். அவருடைய பக்கத்தின் மதிப்பு: 0.15 + (0.85 × 1,000 × 0.15) = 127.65. ஏறத்தாழ 69 மடங்கு! யாரும் படிக்காத 1,000 பக்கங்கள், 20 பேரின் உண்மையான பாராட்டை விழுங்கிவிட்டன.

மேற்கோளுக்கும் இணைப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஓர் ஆய்வுரையை அச்சேற்றுவதற்கு உழைப்பும் ஆசிரியர் குழுவின் ஒப்புதலும் வேண்டும். வெற்றுப் பக்கத்துக்கு எதுவும் வேண்டாம். 'இணைப்புப் பண்ணை' என்று இதற்குப் பெயர் வந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற கிருஷ்ண பரத், ஜார்ஜ் மிஹாயிலா என்பவருடன் சேர்ந்து 2001-இல் இதற்கு அழகானதொரு மாற்று வழியை வெளியிட்டார். ஒரு துறையில் தேர்ந்த பக்கங்கள் சொல்வதை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். அவையும் ஒன்றோடொன்று உறவில்லாதவையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மாமனும் மச்சானும் சேர்ந்து சொல்லும் சாட்சியை ஊர்ப் பஞ்சாயத்து ஒரே சாட்சியாகத்தானே கொள்ளும்! ஆனால் உறவை மறைக்கவும் வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. இணைப்புகள் விலைக்கு விற்கப்பட்டன. ஜே.சி.பென்னி என்ற அமெரிக்கக் கடைக்குச் சாதகமாக, தொடர்பே இல்லாத தளங்களில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியது. தங்களுக்கு இது தெரியாது என்று அந்நிறுவனம் மறுத்தது.

பணம் முந்தும் வழி

இனிப் பொருளாதாரக் கணக்கு. எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

சுத்திகரிப்பான் ஒன்றின் விலை ரூ.15,000, கமிஷன் 4 சதவீதம், அதாவது ரூ.600. பட்டியலில் முதலிடத்தில் உள்ள பக்கத்துக்கு மாதம் 10,000 பேர் வருகிறார்கள். 100-க்கு ஒருவர் வாங்குகிறார். மாத வருமானம் ரூ.60,000. பின்னால் கிடக்கும் பக்கத்துக்கு 500 பேர் வருகிறார்கள், வருமானம் ரூ.3,000.

பின்னால் கிடக்கும் பக்கத்தை எழுதியவர் 10 சுத்திகரிப்பான்களை வாங்கிச் சோதித்தவர் என்று கொள்வோம். அவருடைய முதலீடு ரூ.1,50,000. அது திரும்பி வரவே 50 மாதங்கள் ஆகும். முதலிடத்தில் இருப்பவரோ ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடித்தவர். அவருக்கு முதல் மாதமே ரூ.60,000 வருகிறது. அதில் பாதியைத் தலைப்பைத் திருத்தவும் இணைப்பு வாங்கவும் செலவிட்டாலும் லாபமே. அந்தச் செலவு அவரை முதலிடத்திலேயே வைத்திருக்கிறது. முதலிடம் மீண்டும் பணத்தைத் தருகிறது.

கோயில் கொடை விழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் முன்னே கொண்டுபோனால் 'கீ' என்று காதைப் பிளக்குமே, அதே நேர்ப் பின்னூட்டம்தான் இது. வெளிவந்த ஒலியே மீண்டும் உள்ளே புகுந்து பெருகுகிறது. பாடுகிறவரின் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தால் என்ன? கீச்சொலிதான் கேட்கும்.

இங்கே அடிப்படையான காரணம் புலப்படுகிறது. ஒருவர் பொருளை உண்மையாகவே சோதித்தாரா என்று பொறியால் நேரில் பார்க்க முடியாது. அது பார்ப்பதெல்லாம் அடையாளங்களையே: சொற்கள், இணைப்புகள், தலைப்பு, பக்கத்தின் நீளம், தளத்தின் பழைய புகழ். அடையாளங்களை உண்டாக்குவதற்குச் செலவு குறைவு. தரத்தை உண்டாக்குவதற்குச் செலவு அதிகம். இரண்டுக்கும் ஒரே பரிசு என்றால், அடையாளத்தை மட்டும் உண்டாக்குபவர் வெல்வது இயல்பே.

அளவுகோலை இலக்காக்கினால்

பிரிட்டனின் பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட், 1975-இல் பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது ஒரு கருத்தைக் கூறினார். ஓர் அளவைக் கட்டுப்பாட்டுக் கருவியாகப் பயன்படுத்தத் தொடங்கியதும், அது முன்பு காட்டிவந்த ஒழுங்கு குலைந்துவிடும் என்பது அதன் பொருள். இது குட்ஹார்ட் விதி எனப் பெயர் பெற்றது.

மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பாடம் புரிந்ததா என்று அறிவதற்கு ஏற்பட்டது மதிப்பெண். மதிப்பெண்ணே இலக்கானதும், எந்தக் கேள்வி வரும் என்று கணித்து விடையை மனப்பாடம் செய்யும் கலை வளர்ந்தது. அதன்பின் உயர்ந்த மதிப்பெண், புரிதலையும் காட்டலாம், நெட்டுருவையும் காட்டலாம்.

சூடான நீரில் வெப்பமானியை வைத்தால், வெப்பமானி சிறிது வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் நீரின் வெப்பநிலை சற்றுக் குறையும் என்று இயற்பியலில் படிக்கிறோம். அளப்பதே அளக்கப்படுவதை மாற்றுகிறது. ஆனால் நீருக்கு ஏமாற்றும் எண்ணம் கிடையாது. எனவே அந்தப் பிழையைக் கணக்கிட்டுத் திருத்திவிடலாம். தேடுபொறி அளப்பதோ, அளவுகோலைக் கவனித்துக்கொண்டே இருக்கும் மனிதர்களை. இன்று திருத்திய பிழை நாளை வேறு வடிவில் வரும்.

திருத்தமும் எதிர்த்தந்திரமும்

கூகுள் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. 2011 பிப்ரவரியில் 'பாண்டா' என்ற மாற்றம், உள்ளீடற்ற பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளியது. கரடியின் பெயராகத் தோன்றினாலும், அது நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர். 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' மாற்றம் விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது. 2021-இல் பொருள் மதிப்புரைகளுக்கென்றே ஒரு திருத்தம் வந்தது. 2022 ஆகஸ்டில் மற்றொன்று.

தந்திரங்களும் உருமாறின. காலாவதியான தளப்பெயர்களை வாங்கி, அவற்றின் பழைய புகழில் புதுச் சரக்கு விற்கும் முறை வந்தது. ஊரில் பேர்பெற்ற கடை மூடியதும், அதே பெயர்ப்பலகையின் கீழ் வேறொருவர் கடை திறப்பது போன்றது இது. புகழ்பெற்ற செய்தித் தளங்களின் ஒரு மூலையில் வெளியார் கமிஷன் பக்கங்களை நடத்துவதும் பெருகியது. 2024 மார்ச்சில் கூகுள் இவ்விரண்டையும், பெருமளவில் உற்பத்தி செய்யப்படும் வெற்றுப் பக்கங்களையும் விதிமீறல்களாக அறிவித்தது. தரமற்ற, அசலற்ற பக்கங்கள் 45 சதவீதம் குறைந்தன என்று அடுத்த மாதம் அந்நிறுவனமே கூறியது.

அதே காலத்தில் ஜெர்மனியின் லைப்சிக், வைமார் நகரப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 7,392 பொருள்களைப் பற்றிய தேடல்களை ஓராண்டு காலம் கூகுள், பிங், டக்டக்கோ ஆகிய பொறிகளில் தொடர்ந்து கவனித்தனர். மேலே வரும் பக்கங்கள் சராசரியாகப் பொறிக்கேற்ப அதிகம் செதுக்கப்பட்டவை, கமிஷன் இணைப்பு மிகுந்தவை, எழுத்தின் தரம் குறைந்ததற்கான அறிகுறி உடையவை என்று கண்டனர். பொறிகளின் திருத்தங்கள் பலன் தருகின்றன; ஆனால் அப்பலன் நீடிப்பதில்லை என்பதும் அவர்கள் முடிவு. அக்காலத்தில் கூகுளின் விடைகள் ஓரளவு சீர்ப்பட்டதையும் அவர்கள் மறைக்காமல் குறித்துள்ளனர். ஆகவே, 'எல்லாம் கெட்டுவிட்டது' என்று கூறுவது அறிவியல் நோக்காகாது. முடிவுறாத ஒரு போட்டி நடந்து வருகிறது என்பதே பொருத்தம்.

தேடுபொறியின் சொந்த நலன்

நூலகருக்கு எந்த நூலை நீட்டினாலும் ஒரே சம்பளம் என்றேன். தேடுபொறிக்கு அப்படியா? அது விளம்பர வருமானத்தில் வாழ்கிறது. விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி, படிப்பவரைவிட விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று எச்சரித்தவர்கள் யார் தெரியுமா? பேஜ், பிரின் இருவருமே! 1998-இல் எழுதிய அதே ஆய்வுரையின் பின்னிணைப்பில் இதனைக் குறிப்பிட்டிருந்தனர்.

சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் திருமணத் தகவல் நிறுவனமும், ஒரு நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகார்களின்மேல், தேடல் விடைகளில் பாரபட்சம் காட்டியதற்காகக் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதத்தை 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் விதித்தது. கூகுள் மேல்முறையீடு செய்தது. கமிஷன் பக்கங்களுக்கும் இவ்வழக்குக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆயினும் பட்டியலைத் தயாரிப்பவருக்கே ஒரு நலன் உண்டு என்பதை இது நினைவூட்டுகிறது.

தமிழில் தேடுவோருக்கு

நல்ல பக்கங்கள் நிறைய இருந்தால், தந்திரக்காரர் அத்தனையையும் முந்த வேண்டும். ஒரு பொருளைப் பற்றித் தமிழில் நல்ல பக்கம் ஒன்றுமே இல்லை என்றால்? இயந்திரம் அரைகுறையாக மொழிபெயர்த்த பக்கமே போட்டியின்றி முதலிடம் பெற்றுவிடும். ஆலங்குளத்தில் மோட்டார் வாங்கத் தேடும் விவசாயியும், சங்கரன்கோவிலில் கல்லூரி தேடும் மாணவியும் இந்த வெற்றிடத்தில்தான் தேடுகிறார்கள். இழப்பு ஒரு குடும்பத்தின் சேமிப்பாகவும் இருக்கலாம். ஒரு மாணவியின் மூன்று ஆண்டுகளாகவும் இருக்கலாம்.

சில செய்திகளில் இழப்பு அதனினும் பெரிது. 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகி 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மலைமேல் பெய்யும் மழை, கீழே வெயிலில் நிற்பவருக்குத் தெரியாது. 'குற்றாலம் செல்ல ஏற்ற மாதங்கள்' என்று எங்கிருந்தோ எழுதிய பக்கம், அன்றைய அருவியின் நிலையைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் மாவட்ட நிர்வாகத்தினர், வனத்துறையினர், காவல்துறையினர் ஆகியோரே. பட்டியலில் மேலே இருப்பது வேறு, அறிந்தவர் சொல்வது வேறு என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

இப்போது தேடுபொறிகள் பக்கங்களைச் சுருக்கி, விடையைத் தாமே எழுதியும் தருகின்றன. அந்தச் சுருக்கமும் இதே பக்கங்களிலிருந்து எடுக்கப்படுவதுதான். கிணற்று நீர் எப்படியோ, குடத்து நீரும் அப்படியே.

நாம் செய்யக்கூடியவை

ஒரு பக்கத்தை நம்புமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். எழுதியவர் யார், அவருக்கு இதில் என்ன அனுபவம்? பொருளின் குறை ஒன்றாவது சொல்லப்பட்டிருக்கிறதா? அளந்து பார்த்த எண்ணோ, அவரே எடுத்த படமோ உண்டா? கமிஷன் பெறுவதை வெளிப்படையாகச் சொல்கிறாரா? இணைய மதிப்புரைகள் எப்படித் திரட்டப்பட வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 19000 என்ற தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்டிருப்பதையும் அறிந்து வையுங்கள்.

முதல் விடையோடு நிற்காமல் இரண்டாம், மூன்றாம் திரைக்கும் செல்லுங்கள். உறவில்லாத இருவர் ஒரே செய்தியைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். கிருஷ்ண பரத்தின் யோசனையைப் பொறி கைவிட்டாலும் நாம் கைக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதுங்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, கமிஷன் எதுவும் பெறாத தன்னார்வலர்களால் வளர்ந்தது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தில் உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறார்கள். நம் ஊர் ஏரியின் பறவைகளையோ, நீங்கள் மூன்று ஆண்டு பயன்படுத்திய மோட்டாரின் மின்செலவையோ, உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்த சோதனையையோ கண்டது கண்டபடி தமிழில் எழுதி வையுங்கள். அளந்த எண்களையும் நாளையும் குறிப்பிடுங்கள். பிறர் எழுதிய நல்ல பக்கத்தைக் கண்டால் அதற்கு ஓர் இணைப்புக் கொடுங்கள். மேலே பார்த்த வாய்பாட்டில் அந்த இணைப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு. தரமான பக்கம் மேலே வருவதற்குத் தரமானவர்களின் கையும் சற்று உதவ வேண்டியிருக்கிறது.